வௌவால் அடையும் கோவிலில் உழவாரப் பணி செய்வது எப்படி

காய்ச்சல், சளி, தொண்டைக் கரகரப்பு என்று ஏதாவது இருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை உழவாரப் பணிக்கு வராதீர்கள். வந்தாலும் குளக்கரையில் புல் செதுக்குங்கள், நந்தவனத்தில் களை எடுங்கள், வௌவால் தொங்கும் மண்டபத்துக்குள் மட்டும் நுழையாதீர்கள். கீழே நிறைய சொல்லப் போகிறேன். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒன்றையாவது பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான் இதை முதலில் வைத்தேன்.

நான் பள்ளியில் விலங்கியல் எடுத்தவள். ஓய்வுக்குப் பிறகு கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை வட்டாரக் கோவில்களுக்கு உழவாரக் குழுவோடு போய்வருகிறேன். அப்பர் பெருமான் கையில் ஏந்திய படையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஆர்வம் எக்கச்சக்கம். வந்ததும் ஒட்டடைக் கம்பை எடுத்து விதானத்தைத்தான் முதலில் தட்டுவார்கள். "டீச்சர், மேலே பாருங்க" என்று யாராவது கத்தும்போது அங்கே கூட்டமே கலைந்து பறந்துகொண்டிருக்கும். அதை நிறுத்தத்தான் இந்தக் குறிப்பு.

கோவிட் வந்த 2020-இல் ஊருக்கு ஊர் கேட்ட கேள்வி, வௌவாலிடமிருந்து நமக்கு வருமா என்பது. அந்த ஏப்ரலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கேரளம், இமாசலப் பிரதேசம், புதுச்சேரி, தமிழ்நாடு ஆகிய இடங்களில் பிடித்த இருவகைப் பழந்தின்னி வௌவால்களில், 25 வௌவால்களின் தொண்டைச் சளியில் கொரோனா வைரஸ் இருந்தது என்பது அதன் செய்தி. 'தமிழ்நாட்டு வௌவாலில் கொரோனா' என்று அது பரவியதும் மரத்தை வெட்டு, புகை போடு என்று கிளம்பிவிட்டார்கள். கட்டுரையைப் படித்தவர்களுக்குத் தெரியும், அது வௌவாலுக்கே உரிய கொரோனா வைரஸ். கோவிட் வைரஸ் வேறு. அந்த வௌவால் வைரஸ் மனிதரைத் தொற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் அவர்களே சொல்லியிருந்தார்கள். கொரோனா என்பது ஒரு பெரிய குடும்பம். கோழிக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று, நமக்குச் சாதாரண ஜலதோஷம் தருகிற சில என்று அதில் பலவகை உண்டு.

2003-இல் உலகை மிரட்டிய சார்ஸ் வைரஸின் உறவினர்கள் சீனத்தின் லாடமூக்கு வௌவால்களிடம் இருப்பது 2005-இல் தெரியவந்தது. கோவிட் வைரஸுக்கு மிக நெருங்கிய வைரஸ்கள் கிடைத்ததும் யுன்னானிலும் லாவோஸிலும் வாழும் லாடமூக்கு வௌவால்களிடம்தான். நம் மண்டபங்களில் சாதாரணமாகக் காண்பவை இலைமூக்கு வௌவால், கல்லறை வௌவால், பழந்தின்னி வகையில் ரூசெட்டஸ். ஊர் ஆலமரத்திலும் ஆற்றங்கரை மருத மரத்திலும் தொங்கும் பெரிய பழந்தின்னி டெரோபஸ் பேரினம். உலகில் 1,400-க்கு மேற்பட்ட வௌவால் இனங்கள் இருக்கின்றன. "வௌவாலுக்குக் கொரோனா வரும்" என்று ஒற்றை வரியில் பேசுவது, பாலூட்டிகளில் ஐந்தில் ஒரு பங்கை ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது.

எந்த இனத்துக்குத் தொற்றும், எதற்குத் தொற்றாது? கோவிட் வைரஸ் உயிரணுவுக்குள் நுழைய அதன் மேற்பரப்பிலுள்ள ஏசிஇ2 என்ற புரதத்தைப் பிடித்தாக வேண்டும். அந்தப் புரதத்தின் அமைப்பு இனத்துக்கு இனம் சற்றே மாறும். 46 வௌவால் இனங்களின் ஏசிஇ2-வை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2021-இல் வந்தது. ஏறக்குறைய பாதி இனங்களில் கோவிட் வைரஸால் நுழைய முடிந்தது, மீதியில் முடியவில்லை. இது உயிரணு அளவில் கண்டது. உயிருள்ள வௌவாலில் பார்த்ததும் உண்டு. அமெரிக்காவின் பெரும்பழுப்பு வௌவாலுக்கு வைரஸை மூக்கு வழியே செலுத்தியபோது அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. ஜெர்மனியில் எகிப்தியப் பழந்தின்னி வௌவால்கள் 9-க்கு மூக்கில் விட்டார்கள். அவற்றில் 7-இல் வைரஸ் சில நாட்கள் பெருகியது. கூடவே விட்டிருந்த 3 வௌவால்களில் ஒன்றுக்கு அது பரவவும் செய்தது. பெரிதாக நோய்வாய்ப்படவில்லை என்றாலும் தொற்றும், பரவும் என்பது உறுதியானது.

எகிப்தியப் பழந்தின்னி, ரூசெட்டஸ் பேரினம். நம் கோபுர நிலைகளிலும் இருண்ட மண்டபங்களிலும் நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்துத் தொங்குகிறதே, அதுவும் ரூசெட்டஸ். இனம் வேறு, ஆனால் ஒன்றுவிட்ட சகோதரர்கள். இதைப் படித்த அன்றுதான் சளியோடு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

மனிதரிடமிருந்து விலங்குக்குப் போகுமா என்று இன்னும் சந்தேகப்படுகிறவர்களுக்கு வண்டலூரை நினைவூட்டுகிறேன். 2021 ஜூனில் அங்கே சிங்கங்களுக்குக் கோவிட் வந்தது. நீலா என்ற பெண் சிங்கம் 3-ஆம் தேதி இறந்தது, அந்த மாதத்திலேயே ஓர் ஆண் சிங்கமும் போயிற்று. டென்மார்க்கில் மென்மயிர்த் தோலுக்காகப் பண்ணையில் வளர்த்த, கீரி போன்ற மிங்க் விலங்குகளுக்கு மனிதரிடமிருந்து போன வைரஸ், அவற்றிடம் சில மாற்றங்களை அடைந்து மறுபடி மனிதருக்கே திரும்பியது. 2020 நவம்பரில் கோடிக்கு மேற்பட்ட மிங்க்குகளைக் கொல்ல உத்தரவு போட்டார்கள். அமெரிக்காவில் வெள்ளைவால் மான்களுக்குக் காட்டிலேயே பரவிவிட்டது. காட்டு வௌவால் கூட்டத்தில் இப்படி நடந்ததாக நான் படிக்கவில்லை. நடக்காமல் பார்த்துக்கொள்வது நம்மால் ஆகிற காரியம். அதனால்தான் அந்த ஆண்டே உலக வௌவால் வல்லுநர்கள் தங்கள் களப்பணியைக்கூட நிறுத்திவைக்கச் சொன்னார்கள், போயே தீரவேண்டும் என்றால் முகக்கவசத்தோடு போகச் சொன்னார்கள். வாழ்நாளெல்லாம் வௌவாலைக் கையில் பிடித்தவர்களே அப்படி ஒதுங்கி நிற்கும்போது, நாம் நூறு பேர் தும்மிக்கொண்டு வாகன மண்டபத்துக்குள் நுழைவது நியாயமில்லை.

நாள் பார்ப்பது

மாசி தொடங்கி ஆவணி வரை நம் பக்கத்து வௌவால்களில் ஏதாவது ஓர் இனம் குட்டி ஈன்றுகொண்டோ பாலூட்டிக்கொண்டோ இருக்கும். ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான். தாய் பயந்து பறந்தால் மடியில் கவ்வியிருக்கும் குட்டி கல்தரையில் விழுந்து செத்துப்போகும். எலி மாதிரி பெருகுகிற பிராணி இல்லை இது, ஒரு குட்டி போனால் அந்த இழப்பை ஈடுகட்ட அடுத்த ஆண்டு ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, தளமெல்லாம் ஒழுகும், நமக்கே வேலை ஓடாது. மார்கழி, தை தோதான மாதங்கள். கோவிலும் விடியற்காலமே திறந்துவிடும்.

குடமுழுக்குக்குத் தேதி குறித்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் பறந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். பாலாலயம் ஆனதுமே சாரம் கட்ட ஆள் வந்துவிடுவார்கள். அப்போது செயல் அலுவலரிடமும் ஸ்தபதியிடமும் முன்கூட்டியே பேசி, வௌவால் அடையும் நிலையை வேலைத் திட்டத்தில் கடைசியாக வைக்கச் சொல்லுங்கள். கேட்டால் செய்கிறார்கள். நாம் கேட்பதில்லை.

முதல் நாள் மாலை ஒருவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். மெய்க்காவலரைக் கூட்டிக்கொள்ளுங்கள், எந்த மூலையில் எது அடைகிறது என்று அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தரையைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். சுவரில் தெறித்த கறை, பழச் சக்கை, விதை கிடந்தால் பழந்தின்னி. எலிப் புழுக்கை போலக் காய்ந்து, நசுக்கினால் பூச்சிச் சிறகின் மினுமினுப்போடு உதிர்ந்தால் பூச்சி தின்னி. குச்சியால் நசுக்குங்கள், விரலால் வேண்டாம். தவளைக் கால், எலி வால் என்று மிச்சம் கிடந்தால் மேலே பெருங்காது வௌவால் இருக்கிறது. டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள், செல்போனில் பிளாஷ் அடிக்கவே கூடாது.

திருவீழிமிழலையில் இருப்பது போன்ற வௌவால்நத்தி மண்டபங்களில் வளைந்த கூரையின் உள்மடிப்பு எல்லாம் கீழிருந்து தெரியாது. காது கொடுத்துக் கேளுங்கள். கீச்சொலி வந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

சுத்தம் செய்வது

ஒட்டடைக் கம்பை வெளியில் வைத்துவிட்டு வாருங்கள். வௌவால் தொங்குகிற விதானத்தை நாம் தொடப்போவதில்லை, தரையும் சுவரின் கீழ்ப்பகுதியும்தான் நம் வேலை.

எந்நேரம் செய்வது? சூரியன் சாய்ந்து இருட்டு கட்டியதும் அவை இரைக்குப் போய்விடும். பூச்சி தின்னிகள் முதலில், பழந்தின்னிகள் சற்றுப் பின்னால். சாயரட்சை முடிந்து அர்த்தஜாமத்துக்கு முன்னால் கிடைக்கிற அந்த இடைவெளியில் அந்த மண்டபத்தை முடித்துக்கொள்ளலாம். அவை வெளியேறும் சாளரம், வாயில் பக்கம் மட்டும் விளக்குப் போடாதீர்கள். பகலில்தான் முடியும் என்றால் ஐந்தாறு பேர் போதும். பாட்டும் கோஷமும் வெளிப்பிராகாரத்தில் இருக்கட்டும்.

உள்ளே போகிறவர்கள் என்-95 கவசம், ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு, காலுக்கு மூடிய செருப்பு அணிய வேண்டும். கோவிலுக்குள் செருப்பா என்று தயங்குவார்கள். எங்கள் குழு அதற்கென்று புதிய ரப்பர் காலுறை வாங்கிவைத்து, கோவிலுக்கு மட்டுமே பயன்படுத்துகிறது. குருக்களிடம் காரணத்தைச் சொன்னபோது ஆட்சேபம் வரவில்லை. கவசம் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. நம் மூச்சு மேலே போகாமல் தடுக்கும், எச்சத் தூசி நம் நுரையீரலுக்குப் போகாமலும் தடுக்கும். காய்ந்த வௌவால் எச்சத்தில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை வளரக்கூடும். அதன் வித்துகளைச் சுவாசித்தால் நுரையீரல் நோய் வரும். அன்றாடம் கோவில் கூட்டுகிற அம்மாவுக்குக் கொரோனாவைவிட இதுதான் கிட்டத்து ஆபத்து என்பேன். அவருக்கும் ஒரு கவசம் வாங்கிக் கொடுங்கள்.

காய்ந்த எச்சத்தை ஒருபோதும் அப்படியே கூட்டாதீர்கள். முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிடுங்கள். தெளிக்கப் பூவாளி போதும். ஊரில் யாராவது ஆசையோடு முதுகில் மாட்டும் ஸ்பிரேயரைக் கொண்டுவருவார்கள். அது வயலில் மருந்து அடித்த ஸ்பிரேயர், எத்தனை முறை கழுவினாலும் உள்ளே நஞ்சு இருக்கும். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். ஊறிய பிறகு கட்டை மண்வெட்டியால் மெல்லச் சுரண்டிச் சாந்துச் சட்டியில் அள்ளிச் சாக்கில் கட்டுங்கள். பிறகு தரையை மட்டும் சோப்புத் தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

பிளீச்சிங் பவுடரைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எச்சமும் மூத்திரமும் ஊறிக் கிடக்கிற இடத்தில் அமோனியா இருக்கும். மூக்கில் ஏறுகிற அந்த நெடியே அதுதான். அதன்மேல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் குளோரமின் என்ற நச்சு வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத மண்டபத்தில் கீழே நிற்கிற நமக்கும் ஆகாது, மேலே தொங்குகிற வௌவாலுக்கும் ஆகாது. பினாயிலும் ஆசிடும்கூட அங்கே வேண்டாம். கல்வெட்டு, சுதை, பழைய ஓவியம் இருக்கிற சுவரில் தண்ணீரைக்கூடத் துறையைக் கேட்காமல் ஊற்றக்கூடாது.

அள்ளிய எச்சம் நல்ல உரம். நந்தவனத்தின் ஓரம் ஒரு குழி வெட்டி, மேலே மண் தள்ளி மக்கவிடுங்கள். ஈரமாக மூடிவைத்தால் தூசி பறக்காது.

விரட்டலாமே என்பவர்களுக்கு

கேட்பார்கள். வெடி போடலாம், புகை போடலாம், வலை கட்டி அடைத்துவிடலாம் என்பார்கள். அவர்களுக்கு உகாண்டாவின் கிடாகா சுரங்கத்தைப் பற்றிச் சொல்லுங்கள். 2007-இல் அங்கே சுரங்கத் தொழிலாளர்களுக்கு மார்பர்க் என்ற, உயிரைக் குடிக்கும் காய்ச்சல் தரும் வைரஸ் வந்தது. வைரஸ் இருந்தது எகிப்தியப் பழந்தின்னி வௌவாலில், நம் ரூசெட்டஸின் அதே சகோதரனிடம். சுரங்கத்தில் இருந்த வௌவால் அத்தனையையும் கொன்று வாயை அடைத்தார்கள். சில ஆண்டுகளில் வேறு வௌவால்கள் வந்து குடியேறின. 2012-இல் சோதித்தபோது எண்ணிக்கை முன்பைவிடக் குறைவு, வைரஸ் சுமந்தவற்றின் விகிதமோ இரட்டிப்புக்கும் மேல். பழைய கூட்டத்தில் நோய் வந்து தேறி எதிர்ப்பு பெற்றவை இருந்திருக்கும். புதிதாக வந்தவற்றுக்கு அது இல்லாமல் போயிருக்கலாம். ஆஸ்திரேலியாவிலும் பட்டினியும் இடநெருக்கடியும் வந்த காலத்தில்தான் பழந்தின்னிகள் குதிரைக்கும் மனிதருக்கும் கொடிய நோய் தரும் ஹெண்ட்ரா வைரஸை அதிகம் வெளியேற்றின என்று கண்டிருக்கிறார்கள். விரட்டினால் அவை செத்துப்போவதில்லை, அடுத்த தெருப் பள்ளிக்கூட ஓட்டுக்குள் போய் அடையும், பயத்திலும் பசியிலும் நோயை இன்னும் சிந்தும்.

சட்டமும் மாறிவிட்டது. 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால், எலி, காக்கையோடு சேர்த்துத் தொல்லை உயிர் பட்டியலில் இருந்தது. 2022 திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது, 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இழுப்புக்கு வௌவால் கறி மருந்து என்று இன்னும் சிலர் கவட்டையோடு அலைகிறார்கள். அந்தக் கறியில் மருந்து எதுவும் இல்லை. உயிரோடு பிடித்து, அறுத்து, ரத்தத்தில் கை வைக்கிற அந்த வேலையில்தான் வைரஸ் ஆள் மாறுவதற்கு ஆகப் பெரிய வாய்ப்பு. உங்கள் ஊரில் இப்படி நடப்பது தெரிந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இலுப்பை பூப்பது இரவில். அதைத் தேடி வந்து மகரந்தம் சேர்ப்பது வௌவால். கோவில் விளக்கெல்லாம் இலுப்பை எண்ணெயில் எரிந்த நாட்டில் நாம் இருக்கிறோம். நந்தவனத்துப் புன்னைக் கொட்டையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவதும் வௌவால்தான். தாய்லாந்தில் நெல்லைத் தாக்கும் தத்துப்பூச்சியைப் பூச்சி தின்னி வௌவால்கள் தின்று தீர்ப்பதை ஆய்ந்து கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள். மயிலாடுதுறைப் பக்கம் பெரம்பூரில் வௌவால்களுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்க்காரர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

கீழே விழுந்து கிடந்தால்

வெறுங்கையால் தொடாதீர்கள், பிள்ளைகளையும் நாயையும் விலக்குங்கள். கனமான துண்டைப் போர்த்தி அதோடு சேர்த்து எடுத்து, மூடியில் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துண்டோடு வையுங்கள். பல வௌவால்களுக்குத் தரையிலிருந்து எழும்பிப் பறப்பது கடினம். அடிபடாததாகத் தெரிந்தால் பொழுது சாயும் நேரத்தில் துண்டோடு மரக்கிளையில் தொங்கவிட்டுத் தள்ளி நில்லுங்கள், தானே போய்விடும். குட்டியானால் கிடைத்த இடத்துக்கு நேர் மேலே உயரத்தில் வைத்தால் தாய் வந்து எடுத்துப்போக வாய்ப்புண்டு. சிறகு கிழிந்திருந்தால், மின்கம்பியில் அடிபட்டிருந்தால் வனத்துறையை அழையுங்கள். பால், வாழைப்பழம் எதுவும் ஊட்ட வேண்டாம்.

கடித்தாலோ நகம் பட்டாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், கடித்தது வௌவால் என்று சொல்லி வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள், வௌவால் பல் தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றுமுன் அதன்மேலேயே சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு கழற்றி, கையைத் திரும்பக் கழுவி, கடைசியில்தான் கவசத்தைக் கழற்ற வேண்டும். கவசத்தைக் கோவில் குளத்தில் எறிந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்கென்று ஒரு பை கட்டி வையுங்கள். போட்டிருந்த துணியை வீட்டில் தனியாக ஊறவையுங்கள். அன்னதானத்துக்கு உட்காருமுன் குளித்துவிட முடிந்தால் நல்லது. அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் இருமலோடு காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் "வௌவால் எச்சம் அள்ளினேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள், அவராகக் கேட்க மாட்டார். குழுத் தலைவருக்கும் ஒரு போன் போடுங்கள், கூட வந்தவர்களை அவர் விசாரித்துக்கொள்வார்.